முதல் எழுத்தைப் பிடித்துக் கொடுத்த கை
(ஜுமுஆ பயானின் எழுத்து வடிவம்)

 



இந்த வாரம் செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நம் மையவாடியில் ஒரு ஜனாஸாவை அடக்கம் செய்தோம். யாரென்று உங்களுக்குத் தெரியும். மைக்கில் பெயர் சொல்ல வேண்டாம் என்று அவர்களுடைய பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். உம்மாவுக்கு அது பிடிக்காது என்றார்கள். அதனால் நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நம் மஹல்லாவில் "டீச்சர்" என்றால் அது ஒருவர்தான்.

அன்றைக்குச் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃப்பு சரிசெய்யத் திரும்பிப் பார்த்தேன். பெருநாள் தொழுகைக்கு நிற்பது போல ஜனங்கள் நிற்கிறார்கள். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம். நம்முடைய மாற்றுமத சகோதரர்கள், குடையில்லாமல், சிலர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. தென்காசி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறவர்கள். ஒருவர் என்னிடம் வந்து, "சாமி, நாங்க கும்பிடக் கூடாதுன்னா சும்மா நின்னுட்டுப் போறோம். எனக்கு எழுத்துக் கத்துக் கொடுத்தவங்க" என்றார். நான் என்ன சொல்வது? "நில்லுங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு ஜனாஸா கடந்து போனது. மக்கள் அந்த மையித்தைப் பற்றி நல்லது பேசினார்கள். நபி (ஸல்) அவர்கள், உறுதியாகிவிட்டது என்றார்கள். இன்னொரு ஜனாஸா போனது. அதைப் பற்றிக் கெட்டதாகப் பேசினார்கள். அப்போதும், உறுதியாகிவிட்டது என்றார்கள். எது உறுதியானது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, முதலாமவருக்குச் சுவனம், அடுத்தவருக்கு நரகம், பூமியில் நீங்கள் அல்லாஹ்வின் சாட்சிகள் என்று விளக்கம் தந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற ஹதீஸ் இது. ஓதும்போது அரபிக் கல்லூரியில் பல தடவை படித்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அந்தச் சுவரோரம் நின்றபோதுதான் கண்ணால் பார்த்தேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது ஒரு வாலிபர், கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆச்சரியத்தில்தான், என்னிடம் கேட்டார்: "ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்தானே ஹஜ்ரத், எப்படி இவ்வளவு கூட்டம்?"

அந்த "தானே" என்ற வார்த்தையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கிய ஒரு கறுப்பு நிறப் பெண்மணி இருந்தார். சில நாட்களாக அவரைக் காணவில்லை. நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று நபியவர்கள் கேட்டார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் இதை அறிவிக்கும்போது, தோழர்கள் அந்தப் பெண்ணின் காரியத்தைச் சிறியதாக எண்ணிவிட்டதைப் போல இருந்தது என்கிறார்கள். கபரைக் காட்டச் சொல்லி, அங்கே போய் நபி (ஸல்) அவர்கள் தொழுதார்கள். (புகாரி, முஸ்லிம்.) பெருக்குகிற பெண்தானே என்ற எண்ணம் ஸஹாபாக்களுடைய சமூகத்திலும் ஒரு நிமிடம் வந்துபோயிருக்கிறது. நபியவர்கள் அதை வார்த்தையால் மட்டும் திருத்தவில்லை. எழுந்து நடந்துபோய்த் திருத்தினார்கள்.

அன்பானவர்களே, எழுதக் கற்றுக்கொடுத்த ஒரு ஸஹாபிப் பெண்மணியை இன்றைக்கு உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ஷிஃபா பின்த் அப்தில்லாஹ் (ரலி) அவர்கள். குறைஷிக் குலத்தில் அதீ கிளையைச் சேர்ந்தவர். உமர் (ரலி) அவர்களும் அதே கிளைதான். எழுதத் தெரிந்த ஆண்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த மக்காவில், இஸ்லாத்திற்கு முன்பே எழுதத் தெரிந்திருந்த பெண். ஹிஜ்ரத்திற்கு முன்பே இஸ்லாத்தை ஏற்று, ஆரம்பத்திலேயே மதீனா வந்தவர்களில் ஒருவர். மதீனாவில் அவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒரு வீடு கொடுத்தார்கள். மகன் சுலைமானோடு அங்கே வாழ்ந்தார்.

நம் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது இந்த ஷிஃபா (ரலி) அவர்கள்தான். ஒருநாள் ஹஃப்ஸா (ரலி) அவர்களுடன் இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் உள்ளே வந்தார்கள். ஷிஃபாவே, இவருக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததைப் போல, நம்லா நோய்க்கு ஓதிப்பார்க்கும் முறையையும் கற்றுக்கொடுக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அபூதாவூதில் இருக்கிறது. நம்லா என்பது உடம்பின் பக்கவாட்டில் வரும் புண். எறும்பு ஊர்வது போலக் குறுகுறுக்கும் என்பதால் எறும்பின் பெயரே அந்த நோய்க்கு வந்தது என்று விளக்கம் சொல்வார்கள். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்கிறவர்கள் இந்த ஹதீஸைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நபியவர்களின் வீட்டிலேயே எழுத்துப் பாடம் நடந்திருக்கிறது. நபியவர்கள் அதை நிறுத்தச் சொல்லவில்லை, அடுத்த பாடத்தையும் சேர்க்கச் சொன்னார்கள். அந்த ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம்தான் பின்னாளில் அபூபக்ர் (ரலி) காலத்தில் தொகுக்கப்பட்ட குர்ஆன் ஏடுகள் பாதுகாப்பாக இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதி எடுக்க அங்கிருந்துதான் வாங்கிச் சென்றார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஹிஜ்ரி 2-ல் பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் பணம் கொடுக்க வழியில்லாதவர்களுக்கு, அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பதையே விடுதலைத் தொகையாக்கினார்கள் நபி (ஸல்) அவர்கள். இது எல்லா மேடையிலும் சொல்லப்படுகிறது. இதன் தொடர்ச்சியை யாரும் சொல்வதில்லை. அஹ்மதில் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்: ஒரு சிறுவன் அழுதுகொண்டே வாப்பாவிடம் வந்தான். என்னடா என்றார். வாத்தியார் அடித்துவிட்டார் என்றான். அந்தக் கெட்டவன் பத்ருக்குப் பழி வாங்குகிறான், இனி நீ அவனிடம் போகவே கூடாது என்றார் வாப்பா. பார்த்தீர்களா, 1400 வருடத்துக்கு முந்தைய மதீனாவிலும் இதே வழக்குதான்!

நம் டீச்சர் அடிக்க மாட்டார்கள். கோபம் வந்தால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வகுப்பு தானாக அடங்கிவிடும். அது எங்களுக்கு அடியைவிடப் பயமாக இருக்கும்.

அவர்கள் வேலையில் சேர்ந்தது 1984-ல். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் 1982-ல் வந்து, சோற்றுக்காகவாவது பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வர ஆரம்பித்திருந்த காலம். அவர்களுடைய உம்மா பீடி சுற்றியவர். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், காலையிலிருந்து இரவு வரை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வருகிற கூலியில் சேர்த்துத்தான் மகளை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார். டீச்சரும் படிக்கிற காலத்தில் இலை வெட்டியவர்கள்தான். பெரிய படிப்பு முடித்த பிள்ளைகள் இன்றைக்கு உம்மா பீடி சுற்றியதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். டீச்சர் வகுப்பிலேயே சொல்வார்கள்.

எங்கள் பகுதியைத் தெரியாதவர்கள் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பித்தால் குற்றாலத்தில் சீசன். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் கூட்டம். அதே ஜூன் மாதம்தான் பள்ளிக்கூடமும் திறக்கும். ஏழை வீட்டுப் பையனுக்கு எது முதலில்? சோப்பும் எண்ணெயும் விற்கப் போய்விடுவான். ஆகஸ்டு கழிந்து வகுப்புக்குத் திரும்பும்போது மற்றவர்கள் எங்கேயோ போயிருப்பார்கள். இவனுக்கு எதுவும் புரியாது. அதோடு நின்றுவிடுவான். எத்தனை பேர் அப்படி நின்றார்கள்!

அடியேனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். மூன்றாம் வகுப்பு. வாப்பா ஐந்தருவிப் பாதையில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை போட்டிருந்தார். என்னைக் கல்லாவில் உட்கார வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். குடையை மடக்கிக்கொண்டு கடைமுன் நின்று, "ஏழரை ரூபாய்க்கு வாங்கிட்டுப் பத்து ரூபாய் குடுத்தா மீதி எவ்வளவுடா?" என்றார்கள். "ரெண்டரை" என்றேன். வாப்பாவிடம் திரும்பினார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "பையன் நல்லாக் கணக்குப் போடுறான் பாய். கழித்தல் தெரிஞ்ச பிள்ளையே கடைக்கு இவ்வளவு லாபம். திங்கக்கிழமை வகுத்தல் ஆரம்பிக்கிறேன், அனுப்பி வைங்க. சனி ஞாயிறு நீங்க வச்சுக்கோங்க" என்றார்கள். வியாபாரியிடம் வியாபாரமாகப் பேசினார்கள். வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை நான் வகுப்பில் இருந்தேன்.

அன்றைக்கு அவர்கள் அந்த ஒரு கடைக்கு மட்டும் வரவில்லை. பாதை நெடுகத் தன் வகுப்புப் பையன்கள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று தேடிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் போயிருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அந்தப் பையன்கள்தான்.

பின்னப் பாடத்துக்கு ஒரு கொய்யாப்பழத்தை நான்காக வெட்டிக் கையில் தந்தார்கள். அரை, கால், முக்கால். சாப்பிட்டுவிட்டோம், பாடமும் உள்ளே போய்விட்டது. பல வருடம் கழித்து அரபிக் கல்லூரியில் ஃபராயிள், வாரிசுரிமைப் பாடம். மனைவிக்கு எட்டில் ஒன்று, இரண்டு பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு என்றால் சொத்தை எத்தனை பங்காக வைப்பது? இருபத்து நான்கு. மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, மீதி 5 மற்ற வாரிசுக்கு. உடன் ஓதியவர்களில் பலர் இந்த இடத்தில் திணறினார்கள். எனக்குக் கண்முன் கொய்யாப்பழம் வந்தது. இந்த மஹல்லாவில் எத்தனை வீட்டுச் சொத்தை நான் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்! உஸ்தாதுமார்களுக்கு துஆ செய்திருக்கிறேன். டீச்சருக்கு அந்தக் கணக்கில் ஒரு பங்கு உண்டு என்று இந்த வாரம்தான் யோசித்தேன்.

ராமேஸ்வரத்தில் பிறந்து ஜனாதிபதியான அப்துல் கலாம் அவர்களும் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று போர்டில் வரைந்தார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. கடற்கரைக்கே கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். அன்றைக்குத்தான் தன் வாழ்க்கையின் திசை தெரிந்தது என்பார் கலாம். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது நபிமொழி. (அபூதாவூத், திர்மிதீ.) எழுத்துத் தந்தவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அந்தக் கடன் கடன்தான்.

தாய்மார்களே, உங்களில் சிலருக்கு அவர்கள் வேறொரு வகையில் டீச்சர். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் பீடித் தட்டோடு வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டீர்கள். பாஸ்புக்கில் கைநாட்டு வைத்தவர்கள் பெயர் எழுத ஆரம்பித்தீர்கள். பிறகு, எண்ணிக்கை எவ்வளவு எழுதியிருக்கிறது, கழிவு என்று எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று வாசிக்க ஆரம்பித்தீர்கள். ஒரு சகோதரி என் வீட்டம்மாவிடம் சொன்னாராம்: "எழுத்துத் தெரிஞ்ச பிறகு எங்க கட்டுல கழிவு குறைஞ்சு போச்சு."

வேலைக்குப் போகிற பெண் என்று ஊரில் அந்தக் காலத்தில் பேசாத பேச்சில்லை. அதை மறைத்து வைத்துவிட்டு இன்றைக்குப் புகழ்ந்தால் நியாயமில்லை. கணவர் வளைகுடாவில். மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுவார்கள், மத்தியானம் பால் கொடுக்க ஓடி வருவார்கள். தாய் பலவீனத்துக்கு மேல் பலவீனத்தோடு சுமந்தாள் என்று லுக்மான் சூராவில் அல்லாஹ் சொல்கிறானே, அதை வயிற்றில் சுமக்கிற பத்து மாதத்துக்கு மட்டும் என்று நாம் சுருக்கிவிடுகிறோம்.

தஃஸியத்துக்குப் போனபோது சின்ன மகள் ஒன்று சொன்னார். உங்களிடம் சொல்ல அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். "சின்ன வயசுல எனக்கு உம்மா மேல கோபம் ஹஜ்ரத். எங்களுக்குக் கிடைச்சதை விட ஊர்ப் பிள்ளைங்களுக்குத்தான் உம்மா அதிகமாக் கிடைச்சாங்க. பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டே தான் எனக்குத் தலை பின்னுவாங்க. ஒரு பக்கம் இறுக்கமா, ஒரு பக்கம் தொளதொளன்னு இருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தார், பிறகு அழுதார். நான் ஆறுதலாக ஹதீஸ் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் வருத்தமும் உண்மைதானே. ஊருக்குக் கொடுக்கிற ஒவ்வொரு தாயின் வீட்டிலும் யாரோ சின்னப் பிள்ளை அதில் பாதியைக் கொடுத்திருக்கிறது. துஆவில் டீச்சரைச் சேர்க்கும்போது அந்த மூன்று பிள்ளைகளையும் சேருங்கள்.

ஷிஃபா (ரலி) அவர்களின் வீட்டுக்கு மறுபடி வருகிறேன். உமர் (ரலி) அவர்கள் கலீஃபா. ஒருநாள் ஃபஜ்ர் ஜமாஅத்தில் சுலைமானைக் காணவில்லை. காலையில் சந்தைக்குப் போகிற வழியில் ஷிஃபா (ரலி) அவர்களைக் கண்டு, சுலைமானை ஃபஜ்ரில் காணோமே என்றார்கள். இரவெல்லாம் நின்று தொழுதான், கண் அசந்துவிட்டது என்றார் தாய். இரவெல்லாம் நின்று தொழுவதைவிட ஃபஜ்ர் ஜமாஅத்துக்கு வருவது எனக்குப் பிரியமானது என்றார்கள் உமர் (ரலி). இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் உள்ளது இது. இதை ஃபஜ்ருக்கு வராதவர்களைக் கண்டிக்கத்தான் நாங்கள் ஆலிம்கள் பயன்படுத்துவோம். இந்த வாரம் எனக்கு அந்தத் தாய் தெரிந்தார். வாசலில் நின்று, ஆட்சியாளரிடம், மகனுக்காகப் பேசுகிற தாய். பின்னாளில் உமர் (ரலி) அவர்கள் ரமளான் இரவுத் தொழுகைக்கு ஆண்களுக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களையும், பெண்களுக்கு இமாமாக இதே சுலைமானையும் நியமித்தார்கள். எழுதக் கற்றுக்கொடுத்த தாயின் மகன்.

மனிதன் இறந்தபின்னும் மூன்று அமல்கள் அறுபடாது என்ற ஹதீஸ் உங்களுக்கு மனப்பாடம். நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, துஆ செய்யும் ஸாலிஹான பிள்ளை. (முஸ்லிம்.) மக்களுக்கு நல்லதைக் கற்றுக்கொடுப்பவருக்காகப் புற்றில் இருக்கும் எறும்பு முதல் மீன் வரை துஆ செய்கின்றன என்று திர்மிதீயில் வருகிறது.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

டீச்சர் 2022-ல் ஓய்வு பெற்றார்கள். அடுத்த வருடம் அரசாங்கத்தின் காலை உணவுத் திட்டம் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. ஒருநாள் என்னைத் தேடி வந்தார்கள். எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர்கள். ஆனால் நான் பட்டம் வாங்கி வந்த நாளிலிருந்து "ஹஜ்ரத், நீங்க" என்றுதான் பேசுவார்கள். "ஹஜ்ரத், மக்தப் எட்டரைக்கு விடுறீங்க. பிள்ளைங்க வீட்டுக்குப் போய் யூனிஃபார்ம் மாத்திட்டு ஓடுறதுக்குள்ள அங்கே பரிமாறி முடிச்சுடுறாங்க. நம்ம மக்தப் பிள்ளைங்க மட்டும் வெறும் வயித்தோட உட்காருது. அரைமணி நேரம் முன்னாடி விட்டா சரியாப் போகும்" என்றார்கள். நியாயமான பேச்சு. "கமிட்டியில பேசுறேன் டீச்சர்" என்றேன். பேசவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஓதுகிற நேரத்தைக் குறைப்பதா என்று மனதுக்குள் ஒரு பிடிவாதம். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டார்கள். அதே பதில்.

மூன்றாவது தடவை கேட்கவில்லை. ஒரு டின்னில் ரொட்டி வாங்கி வைத்துக்கொண்டு எட்டரை மணிக்கு மக்தப் வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். வெளியே வரும் பிள்ளைக்கு ஆளுக்கு இரண்டு. மழையிலும் நின்றார்கள். நான் அதைப் பார்த்து, "டீச்சருடைய ஸதகா, அல்லாஹ் கபூல் செய்யட்டும்" என்று இதே மைக்கில் பாராட்டினேன். அது எனக்குச் சொன்ன பதில் என்று புரியவில்லை. இரண்டு வருடம் நின்றார்கள்.

புதன்கிழமை காலை மக்தப் விட்டது. பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்றுவிட்டு, அங்கே யாரும் இல்லை என்று தெரிந்து, ஒன்றும் பேசாமல் கலைந்து போனார்கள். நான் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இஷாவுக்குப் பிறகு கமிட்டி உட்கார்ந்தது. முதவல்லியிடமும் மற்றவர்களிடமும் நடந்ததை அப்படியே சொன்னேன். வரும் திங்கட்கிழமை முதல் மக்தப் காலை 6.30-க்கு ஆரம்பித்து 8 மணிக்கு விடப்படும். ஓதும் நேரம் குறையவில்லை. அரைமணி நேரம் முன்னால் போகிறது. உஸ்தாதுமார்கள் சம்மதித்துவிட்டார்கள். பெற்றோர்கள் ஃபஜ்ரோடு பிள்ளைகளை எழுப்பி விடுங்கள். முடிந்தவர்கள் யூனிஃபார்மைப் பையில் கொடுத்து அனுப்புங்கள், பள்ளிவாசலிலேயே மாற்றிக்கொள்ளலாம். அந்த ரொட்டி டின்னை டீச்சரின் பிள்ளைகள் மக்தபில் கொடுத்திருக்கிறார்கள். சாக்பீஸ் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

யா அல்லாஹ், எங்கள் டீச்சருடைய கபரை விசாலமாக்குவாயாக. எங்கள் கையைப் பிடித்து எழுத வைத்த அந்தக் கைக்கு உன் ரஹ்மத்தைத் தருவாயாக. அவர்களுடைய மூன்று பிள்ளைகளுக்கும் அழகிய பொறுமையைத் தருவாயாக. நாங்கள் தள்ளிப்போட்டதை மன்னிப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

முன் ஸுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.